கடக் கடக் சத்தமும் 100 சதவீத டிஸ்க்கும்

வாசகி ஒருவரின் கடிதம், சுருக்கமாக:

"வணக்கம் ஐயா. வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பும் பிழைதிருத்தமும் செய்து கொடுக்கிறேன். 2017-இல் வாங்கிய லேப்டாப். ஆறாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. ஆன் செய்தால் வேலை பார்க்கிற நிலைக்கு வரவே பத்து நிமிடம் ஆகிறது. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் என்றே நிற்கிறது. டெம்ப், ப்ரீபெட்ச் எல்லாம் அழித்தேன். வேகப்படுத்தும் சாப்ட்வேர் இரண்டு போட்டேன். இருந்த ஆன்டிவைரஸ் போதாது என்று இன்னொன்றும் போட்டேன். முன்பைவிட மோசமாகிவிட்டது. 350 பக்க வேர்டு பைலைத் திறந்தால் ஸ்க்ரோல் செய்யக்கூட முடியவில்லை. பார்மெட் அடித்தால் சரியாகுமா? இல்லை, புதிதாகவே வாங்கிவிடட்டுமா? வேலையைச் சீக்கிரம் முடிக்கவும் ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள். கூடவே ஒன்று: சில நாட்களாக உள்ளேயிருந்து கடக் கடக் என்று சத்தம் வருகிறது. கூலிங் பேனாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்."

வணக்கம் அம்மா.

'கூடவே ஒன்று' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். பேன் கெட்டால் உர்ரென்று இழுக்கும், அல்லது கரகரவென்று உரசும். கடக், சற்று அமைதி, மறுபடி கடக் என்று வருவது பெரும்பாலும் ஹார்டு டிஸ்க். உள்ளே சுழலும் தட்டைப் படிக்கும் ஹெட் என்ற முனை, படிக்க முடியாத ஓர் இடத்தில் திரும்பத் திரும்ப முயன்று தோற்று, பழைய இடத்துக்குத் திரும்பும்போது எழும் சத்தம் அது. அந்தச் சத்தம் வரும் நேரத்தில் மவுஸ் மட்டும் நகர்ந்து, மற்றதெல்லாம் உறைந்து நின்றால் சந்தேகமே வேண்டாம்.

அதனால் வேகத்தைப் பற்றிய பேச்சை ஓரமாக வைத்துவிட்டு முதலில் பைல்களைப் பிரதி எடுங்கள். இன்றைக்கே. வெளியில் செருகும் எக்ஸ்டர்னல் டிஸ்க் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் பெரிய பென்டிரைவ். இப்போது கையில் இருக்கும் வேலை முதலில், பிறகு முடித்துக் கொடுத்தவை, கணக்கு வழக்கு, போட்டோக்கள் என்ற வரிசையில் போங்கள். சி டிரைவை மொத்தமாக இழுத்துப் போட வேண்டாம். விண்டோஸையும் புரோகிராம்களையும் பிறகு மறுபடி நிறுவிக்கொள்ளலாம், உங்கள் கையெழுத்துப் பிரதிகளை முடியாது. பலர் மறந்துவிடும் சிலவற்றையும் சொல்கிறேன்: பதிப்பகங்கள் கொடுத்த பழைய எழுத்துருக்கள், தட்டச்சு சாப்ட்வேரின் நிறுவல் பைல், வேர்டில் நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் சொற்பட்டியல், பிரவுசரின் புக்மார்க். வேர்டின் லைசென்ஸ் எந்த மின்னஞ்சல் கணக்கில் இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு பைல் நகராமல் இழுத்துக்கொண்டே இருந்தால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். அந்த ஒன்றுக்காக மல்லுக்கட்டி, மற்றதையும் இழக்க வேண்டாம். பிரதி எடுத்து முடிக்கும் வரை டிஃப்ராக் (சிதறிய துண்டுகளை ஒழுங்குபடுத்துவது), செக்டிஸ்க் (டிஸ்க்கில் பிழை தேடுவது), ஆன்டிவைரஸின் முழு ஸ்கேன் எதையும் ஓட்டாதீர்கள். இவை மூன்றும் டிஸ்க்கின் மூலை முடுக்கெல்லாம் ஹெட்டை ஓட வைப்பவை. நொண்டிக்கொண்டிருக்கும் டிஸ்க் அந்த ஓட்டத்திலேயே படுத்துவிடலாம்.

பிரதி முடிந்த பிறகு 'கிறிஸ்டல் டிஸ்க் இன்போ' என்ற இலவச சாப்ட்வேரை, அதை உருவாக்கியவரின் தளத்திலிருந்து மட்டும் இறக்கி ஓட்டிப் பாருங்கள். டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் குறிப்பைப் படித்துக் காட்டும். நீலம் வந்தால் பரவாயில்லை, மஞ்சள் வந்தால் எச்சரிக்கை, சிவப்பு வந்தால் கதை முடிந்தது. கீழே வரும் பட்டியலில் 05, C5, C6 என்று மூன்று வரிகள் இருக்கும். கெட்டுப்போய் ஒதுக்கப்பட்ட இடங்கள், கெட்டிருக்கலாம் என்று காத்திருக்கும் இடங்கள், படிக்கவே முடியாமல் போன இடங்கள் ஆகியவற்றின் கணக்கு அவை. மூன்றிலும் கடைசிப் பத்தியில் பூஜ்ஜியங்கள் மட்டுமே இருக்க வேண்டும். வேறு எண் இருந்து, அது வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டும் போனால் அந்த டிஸ்க்கை நம்பி இனி ஒரு பக்கம்கூடத் தட்டச்சு செய்யாதீர்கள்.

சரி, இப்போது வேகம்.

நீங்கள் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்ததே பெரிய காரியம். என்னிடம் வருகிறவர்களில் பலர் 'சிஸ்டம் ஸ்லோ' என்பதற்கு மேல் ஒன்றும் சொல்வதில்லை. இன்னும் ஒரு படி போய்ப் பாருங்கள். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போய் இடப்புறம் டிஸ்க்கைத் தேர்ந்தெடுங்கள். மேலே கோடு 100 சதவீதத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். அதே நேரம் கீழே 'ரீட் ஸ்பீடு' என்ற இடத்தில் நொடிக்கு 1 எம்பி, 2 எம்பி என்று ஏதோ அற்பமான எண் தெரியும். நூறு சதவீதம் உழைக்கிறது, ஆனால் வேலை ஒன்றும் நகரவில்லை. லேப்டாப்பின் கோளாறு முழுவதும் இந்த இரண்டு எண்களுக்குள்ளேயே இருக்கிறது.

ஏன் அப்படி? ஹார்டு டிஸ்க் சுழலும் தட்டு. இசைத்தட்டின் முள்போல அதன் ஹெட் உரிய இடத்துக்குப் போய், தேவையான பகுதி சுற்றி வரும் வரை காத்திருந்து படிக்கும். லேப்டாப் டிஸ்க்குகளில் பெரும்பாலானவை நிமிடத்துக்கு 5400 முறை சுழல்பவை. ஒரு சுற்றுக்கு 11 மில்லிநொடி. ஹெட் நகரும் நேரத்தையும் சேர்த்தால், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் துண்டுகளை நொடிக்கு 100 கூடப் படிக்க முடியாது. ஒவ்வொரு துண்டும் 4 கேபி என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு அரை எம்பிகூடத் தேறவில்லை. ஒரே பெரிய வீடியோவைப் பிரதி எடுக்கும்போது இதே டிஸ்க் நொடிக்கு 100 எம்பி கொடுக்கும், ஏனென்றால் அது வரிசையாக இருக்கிறது. விண்டோஸ் எழுந்திருக்கும்போது கேட்பதோ ஆயிரக்கணக்கான பொடித் துண்டுகள். ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும், சிப்களால் ஆன எஸ்எஸ்டியில் சுழல்வதற்கு ஒன்றும் இல்லாததால் அதே பொடித் துண்டுகளை நொடிக்குப் பல்லாயிரம் என்ற கணக்கில் கொடுக்கும்.

இரண்டாவது ஆள் உங்கள் 4 ஜிபி ரேம். விண்டோஸும் ஆன்டிவைரஸும் எழுந்ததுமே பாதிக்கு மேல் தின்றுவிடும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாததால் திரைக்கும் அதிலிருந்தே ஒரு பங்கு போகும். பிரவுசரில் பத்து டேப் திறந்தால் ரேம் நிரம்பிவிடும். நிரம்பி வழிவதை விண்டோஸ் எங்கே கொண்டுபோய் வைக்கிறது தெரியுமா? அதே ஹார்டு டிஸ்க்கில், பேஜ்பைல் என்ற இடத்தில். ஆக ரேம் பற்றாக்குறையும் கடைசியில் டிஸ்க்கின் தலையிலேதான் விடிகிறது. பிராசசரைப் பாருங்கள், அது 20, 30 சதவீதத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும். குற்றம் அதன்மேல் இல்லை.

நீங்கள் செய்து பார்த்தவற்றையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். டெம்ப் பைல்களை அழித்தால் இடம் கிடைக்கும், வேகம் கிடைக்காது. சி டிரைவ் நிரம்பிப் பிதுங்கினால் மட்டும் வித்தியாசம் தெரியும். ப்ரீபெட்ச் போல்டரை அழிப்பது நேர் எதிர் விளைவு தரும்: எந்த புரோகிராமுக்கு எந்தத் துண்டுகள் தேவை என்று விண்டோஸ் குறித்து வைக்கும் இடம் அது. அழித்தால் மறுபடி முதலிலிருந்து கற்றுக்கொள்ளும், அதுவரை இன்னும் மெதுவாகத்தான் திறக்கும். 'ரேம் பூஸ்டர்' என்று விற்கப்படும் சாப்ட்வேர், ரேமில் இருப்பதைப் பிடுங்கி டிஸ்க்கில் தள்ளிவிட்டு 'பார், காலியாக்கிவிட்டேன்' என்று பெருமையாக ஓர் எண்ணைக் காட்டும். அடுத்த நொடியே அது மறுபடி தேவைப்பட, டிஸ்க்கிலிருந்து படித்தாக வேண்டும். விண்டோஸின் அமைப்புக் குறிப்புகளைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் ரெஜிஸ்ட்ரி கிளீனர்களை மைக்ரோசாப்டே ஆதரிப்பதில்லை. நீங்கள் போட்ட இரண்டையும் நீக்கிவிடுங்கள். இரண்டு ஆன்டிவைரஸ் ஒன்றாக இருப்பது வம்பு: நீங்கள் திறக்கும் ஒவ்வொரு பைலையும் இரண்டும் தனித்தனியாகச் சோதிக்கும். இரண்டையும் நீக்கினால் விண்டோஸிலேயே உள்ள டிஃபெண்டர் தானாக வேலைக்கு வந்துவிடும். வீட்டு உபயோகத்துக்கு அது போதும். டெஸ்க்டாப்பில் வலது கிளிக் செய்து 'ரிஃப்ரெஷ்' அடிக்கும் பழக்கம் உங்களுக்கு உண்டா தெரியவில்லை. இருந்தாலும் பாதகமில்லை. ஐகான்களை ஒருமுறை திரும்ப வரையும், அவ்வளவுதான். பலருக்கு அது ஒரு மன ஆறுதல்.

'பார்மெட் அடித்தால் சரியாகுமா' என்று கேட்டிருந்தீர்கள். இதே டிஸ்க்கில் செய்தால் சில வாரம் ஜோராக ஓடும், பிறகு பழைய குருடி கதவைத் திறடி. கெட்டுக்கொண்டிருக்கும் டிஸ்க்கில் அந்தச் சில வாரத்துக்கும் உத்தரவாதம் இல்லை. செய்ய வேண்டியது டிஸ்க்கை மாற்றி, புதியதில் விண்டோஸைப் புதிதாக நிறுவுவது. சிலர் பழைய டிஸ்க்கை அப்படியே குளோன் செய்து தருகிறேன் என்பார்கள். நல்ல டிஸ்க்காக இருந்தால் சரி. உங்கள் டிஸ்க்கை ஓரத்திலிருந்து ஓரம் வரை படிக்க வைப்பது ஆபத்து, எட்டு வருடக் குப்பையும் கூடவே வந்து சேரும்.

எஸ்எஸ்டி வாங்கும்போது கவனிக்க வேண்டியது என்ன? உங்கள் லேப்டாப்புக்கு 2.5 அங்குல சாட்டா வகை (பழைய ஹார்டு டிஸ்க் இணையும் அதே இணைப்பு), 7 மிமீ தடிமன், நிச்சயம் பொருந்தும். பழைய டிஸ்க்கைக் கழற்றிய இடத்திலேயே உட்காரும். நொடிக்கு 600 எம்பியைத் தாண்டி அந்த இணைப்பு போகாது, அதனால் பெட்டியில் 540 என்றும் 560 என்றும் போட்டிருக்கும் வித்தியாசத்துக்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம். எம்.2 என்ற சிறிய பட்டை வடிவ எஸ்எஸ்டியை யாராவது பரிந்துரைத்தால் உஷார். அந்தத் துளை உங்கள் மாடலில் இருக்கிறதா, இருந்தால் சாட்டாவுக்கா, அதைவிட வேகமான என்விஎம்இ என்ற இணைப்புக்கா என்று மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் தளத்தில் பார்த்த பிறகே வாங்குங்கள். உருவம் ஒன்றாக இருந்தாலும் ஒன்று போட்ட இடத்தில் மற்றது வேலை செய்யாமல் போகலாம். அளவு 500 ஜிபி போதும். பெயர் கேள்விப்படாத கம்பெனியின் 2 டிபி எஸ்எஸ்டி நம்ப முடியாத மலிவு விலையில் கிடைத்தால் நம்பாதீர்கள். உள்ளே சின்ன மெமரி கார்டை வைத்துப் பெரிய கொள்ளளவு காட்டும் போலிகள் நிறைய உலவுகின்றன.

எஸ்எஸ்டி எழுத எழுதத் தேயும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். தேயும், உண்மைதான். நல்ல கம்பெனியின் 500 ஜிபி எஸ்எஸ்டிக்கு 300 டெராபைட் எழுதும் வரை உத்தரவாதம் தருவதைப் பார்க்கலாம். நாளொன்றுக்கு 20 ஜிபி எழுதினாலும் அதை எட்ட 40 வருடம் ஆகும். நீங்கள் வேர்டில் எழுதுவது அதில் தூசு. ஆனால் எஸ்எஸ்டி போகும்போது கடக் என்றுகூடச் சொல்லாமல், ஒருநாள் காலையில் கண் திறக்காமலே போய்விடும். அதற்குப் பிரதி ஒன்றுதான் மருந்து. எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் வாரம் ஒருமுறை, ஓடிக்கொண்டிருக்கும் வேலை மட்டும் கிளவுடில் தினமும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வைரஸ் வந்து பைல்களைப் பூட்டினால் செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டும் என்பதால், எக்ஸ்டர்னல் டிஸ்க்கை வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

அப்புறம் ரேம். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' என்று ஒரு வரி இருக்கும். 2-இல் 1 என்று காட்டினால் இன்னொரு 4 ஜிபியோ 8 ஜிபியோ பக்கத்தில் செருகிவிடலாம். 1-இல் 1 என்றால் இருப்பதைக் கழற்றிவிட்டு 8 ஜிபி போட வேண்டும். ஆறாம் தலைமுறையில் டிடிஆர்4, டிடிஆர்3எல் இரண்டும் வந்திருக்கின்றன. ஒன்று மற்றதன் துளையில் நுழையவே நுழையாது. அதனால் எந்த வகை என்று உறுதி செய்துகொண்டு வாங்குங்கள். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் எஸ்எஸ்டிக்கே முதலிடம். ரேம் அடுத்த மாதம் போட்டாலும் குடிமுழுகிவிடாது.

விண்டோஸ் நிறுவலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் மைக்ரோசாப்ட் தளத்திலிருந்து இறக்கிய நிறுவல் பைலை வைத்துச் செய்வது. உங்களிடம் இருப்பது அசல் விண்டோஸ் 10 என்றால் லைசென்ஸ் மதர்போர்டோடு சேர்ந்தது. டிஸ்க்கை மாற்றினாலும் இணையத்தில் இணைந்ததும் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும். யாராவது அதற்குத் தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். வைஃபை டிரைவரை மட்டும் முன்கூட்டியே பென்டிரைவில் எடுத்து வையுங்கள். இணையம் வராமல் இணையத்திலிருந்து டிரைவர் இறக்க முடியாது என்பது நிறுவிய பிறகுதான் பலருக்கு உறைக்கிறது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் பதிவு செய்துகொண்டவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை அப்டேட் என்று மைக்ரோசாப்ட் அறிவித்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்து மேலே இருக்க வேண்டும் என்பது விதி. உங்களுடையது ஆறு. குறுக்கு வழியில் விண்டோஸ் 11 போட்டுத் தருபவர்கள் உண்டு, ஓடவும் ஓடும். ஆனால் அப்படிப் போட்டதற்குத் தொடர்ந்து அப்டேட் வரும் என்று மைக்ரோசாப்ட் உறுதி தருவதில்லை. பிறருடைய கையெழுத்துப் பிரதிகளை வைத்துப் பிழைப்பவருக்கு அது நான் சொல்லும் வழி இல்லை. லினக்ஸ் மின்ட் இந்த லேப்டாப்பில் அருமையாக ஓடும், இலவசம், தமிழ்99 தட்டச்சும் உண்டு. ஆனால் பதிப்பகம் அனுப்பும் வேர்டு பைலில் திருத்தக் குறிப்புகளைத் துல்லியமாகப் பார்த்துத் திருப்பி அனுப்ப வேண்டிய உங்களுக்கு லிப்ரே ஆபீஸ் சில இடங்களில் தகராறு செய்யும். பாதி பக்கம் நகர்ந்துவிட்டது என்று எடிட்டர் போன் செய்வார்.

ஆகவே புதிதாக வாங்குவதா என்ற கேள்விக்கு என் பதில்: இப்போது எஸ்எஸ்டியும் ரேமும் போட்டுக்கொள்ளுங்கள், பாதுகாப்பு அப்டேட் வந்துகொண்டிருக்கும் வரை இதையே ஓட்டுங்கள், அதற்குள் புதியதற்கு நிதானமாகப் பணம் சேருங்கள். புதிய லேப்டாப் வரும்போது இந்த எஸ்எஸ்டியைக் கழற்றி ஒரு யுஎஸ்பி உறையில் போட்டால் எக்ஸ்டர்னல் டிஸ்க் ஆகிவிடும், போட்ட பணம் வீண் போகாது. புதியது வாங்கும்போது ஐ5-ஆ ஐ7-ஆ என்று அலைவதைவிட, ரேம் 16 ஜிபி இருக்கிறதா, பிறகு கூட்ட முடியுமா இல்லை போர்டிலேயே பற்றவைத்திருக்கிறதா என்று கேளுங்கள். இஎம்எம்சி (எஸ்எஸ்டியைவிட மெதுவான, போர்டிலேயே பற்றவைத்த சேமிப்பு) என்று எழுதியிருந்தால் அந்த லேப்டாப்பைத் திரும்பியும் பார்க்க வேண்டாம். எஸ்எஸ்டி என்ற பேச்சில் அதையும் சேர்த்து விற்றுவிடுவார்கள்.

புதிய டிஸ்க் போட்டபின் பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பக்கத்தைத் திறந்து, கூடவே எழுந்திருப்பவற்றில் சாட், மீட்டிங், பாட்டு, பிரின்டர் அப்டேட்டர் போன்றவற்றை 'டிஸேபிள்' செய்யுங்கள். அவை அழிந்துவிடாது, நீங்கள் கூப்பிடும்போது வரும். டச்பேட், ஆடியோ, பாதுகாப்பு என்று தெரிவனவற்றில் கை வைக்காதீர்கள். எஸ்எஸ்டியை டிஃப்ராக் செய்யத் தேவையில்லை. விண்டோஸ் தானே அதற்குரிய பராமரிப்பைச் செய்துகொள்ளும். டிஸ்க்கில் 15, 20 சதவீதம் எப்போதும் காலியாக இருக்கட்டும். இடம் காலி செய்யும்போது 'டவுன்லோட்ஸ்' என்ற பெட்டியில் டிக் இருந்தால் எடுத்துவிட்டு அழுத்துங்கள். எடிட்டர் அனுப்பிய பைல் அங்கேதான் கிடக்கும்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. விண்டோஸ் 10-இல் 'ஷட்டவுன்' கொடுத்தால் அது முழுதாக அணைவதில்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதியால் தன் மையப் பகுதியை அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டுத் தூங்கும், மறுநாள் அதையே எடுத்து எழும். தினமும் அணைக்கிறேனே என்று நினைப்பீர்கள், டாஸ்க் மேனேஜரில் சிபியு பக்கத்தில் 'அப்டைம்' பத்து நாள் என்று காட்டும். ஏதாவது முரண்டு பிடித்தால் 'ரீஸ்டார்ட்' கொடுங்கள், அதுதான் முழுதாக இறக்கி ஏற்றும்.

சூடு பற்றியும் ஒரு வரி. மெத்தையிலோ தலையணையிலோ வைத்து வேலை செய்தால் அடியில் காற்றுத் துளை அடைபடும், பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். எஸ்எஸ்டி போடத் திறக்கும்போதே பேனில் உள்ள தூசியை எடுத்துவிடச் சொல்லுங்கள். காற்று அடிக்கும்போது பேன் சுழலாதபடி பிடித்துக்கொள்ள வேண்டும். சார்ஜர் மாற்றியிருக்கிறீர்களா? சில மாடல்கள் சார்ஜரை அடையாளம் காணாவிட்டால் வேண்டுமென்றே பிராசசரை இழுத்துப் பிடிக்கும்.

இனி உங்கள் வேலை. அந்த 350 பக்க பைல் எங்கிருந்து திறக்கிறது என்று எழுதவில்லை. பென்டிரைவிலிருந்தே நேராகத் திறந்து வேலை செய்பவர்களை நிறையப் பார்க்கிறேன். ஒவ்வொரு சேமிப்பும் அதில் போய் மெதுவாக எழுதும், செருகிய பென்டிரைவ் ஆடினால் பைலே போய்விடும். உள் டிஸ்க்குக்கு நகர்த்திவிட்டுத் திறங்கள். படங்கள் நிறைந்த நூல் என்றால் வேர்டில் வியூ மெனுவில் 'டிராஃப்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். பக்க அமைப்பையும் பல படங்களையும் வரைந்துகொண்டிருக்காமல் எழுத்தையே முக்கியமாகக் காட்டும். பிழை திருத்துபவருக்கு வேண்டியது அதுதானே. பதிப்பகம் ஒத்துக்கொண்டால் அத்தியாயம் ஒரு பைலாக வைத்துக்கொள்வது இன்னும் மேல். ஏற்கெனவே முடிவான பழைய திருத்தக் குறிப்புகள் ஆயிரக்கணக்கில் தேங்கி நிற்பதும் பைலைக் கனக்க வைக்கும். எடிட்டரிடம் கேட்டு அவற்றை ஏற்று முடித்த பிரதியில் தொடருங்கள்.

மொழிபெயர்ப்பில் நேரம் போவது தட்டச்சில் இல்லை, ஜன்னலுக்கு ஜன்னல் தாவுவதில் என்பது என் கணிப்பு. மூலத்தைத் திறந்து விண்டோஸ் பட்டனோடு இடது அம்பை அழுத்துங்கள், உங்கள் பைலுக்கு வலது அம்பு. திரை பாதி பாதியாகப் பிரிந்து நிற்கும். இரண்டும் வேர்டு பைல் என்றால் 'வியூ சைட் பை சைட்' கொடுத்தால் ஒன்றை உருட்ட மற்றதும் சேர்ந்தே உருளும். மூலமும் மொழிபெயர்ப்பும் நீளத்தில் ஒத்துப்போகாது என்பதால், பத்துப் பக்கத்துக்கு ஒருமுறை அதை அணைத்துச் சரிசெய்துவிட்டு மறுபடி போட வேண்டியிருக்கும்.

விண்டோஸ் பட்டனோடு வி அழுத்திப் பாருங்கள். முதல்முறை 'டர்ன் ஆன்' என்று கேட்கும், கொடுங்கள். அதன்பின் நீங்கள் காப்பி செய்த கடைசி 25 துண்டுகள் வரை அங்கே வரிசையாக நிற்கும். அடிக்கடி தேவைப்படும் பெயர்களையும் கலைச்சொற்களையும் பின் குத்தி வைத்தால் ரீஸ்டார்ட் செய்த பிறகும் போகாது. கடவுச்சொல்லைக் காப்பி செய்தால் அதுவும் அங்கே வந்து உட்காரும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஒரே நீளமான நிறுவனப் பெயர் நூலில் நூறு இடத்தில் வந்தால் வேர்டின் ஆட்டோகரெக்ட்டில் அதற்கு இரண்டெழுத்துச் சுருக்கம் கொடுத்துவிடலாம். வழக்கமான சொல்லாக இல்லாத சுருக்கமாகத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் கதாநாயகி பேசும்போதெல்லாம் கம்பெனி பெயர் முளைக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஷிப்ட் எஃப்5. பைலைத் திறந்ததும் அதை அழுத்தினால் கடைசியாக நீங்கள் திருத்திய இடத்துக்கே கொண்டுபோய் விடும். 350 பக்கத்தில் 'நேற்று எங்கே விட்டேன்' என்று தேட வேண்டாம். பிரவுசரில் டேபைத் தவறி மூடிவிட்டால் கண்ட்ரோல், ஷிப்ட், டி. இது தெரிந்துவிட்டால், மூடினால் போய்விடுமே என்று முப்பது டேபைத் திறந்தே வைத்திருக்கும் பழக்கம் தானாகக் குறையும், ரேமுக்கும் நிம்மதி. குரோமில் ஷிப்ட் எஸ்கேப் அழுத்தினால் எந்த டேப், எந்த எக்ஸ்டென்ஷன் எவ்வளவு தின்கிறது என்று அதற்கென்றே ஒரு பட்டியல் வரும். கூப்பனும் வானிலையும் காட்டும் எக்ஸ்டென்ஷன்களை அங்கே கையும் களவுமாகப் பிடிக்கலாம்.

பைல் பெயர்களில் 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'உண்மையான ஃபைனல்' என்று போகாமல் தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் முன்னால் போடுங்கள். பெயர் வரிசைப்படி அடுக்கினாலே காலவரிசை வந்துவிடும், பதிப்பகத்துக்குப் பழைய பிரதியை அனுப்பிவிட்டு அசடு வழிய வேண்டாம்.

சர்வீஸுக்குக் கொடுக்கும் நாளில் பழைய ஹார்டு டிஸ்க்கைக் கேட்டு வாங்கிவிடுங்கள். அச்சுக்கு வராத நூல்கள் அதில் இருக்கின்றன. கெட்ட டிஸ்க்கை முழுதாக அழிப்பதும் உறுதியில்லை. மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் தட்டுகளைக் கீறி உடைத்த பிறகு மின்கழிவில் சேர்க்கலாம். சில தட்டுகள் கண்ணாடியால் ஆனவை, துணியைச் சுற்றிக்கொண்டு உடையுங்கள்.